ஒரு கூரையின் கீழ் இரு குடித்தனம்

(கேமரன் மலை, தானா ராத்தாவில் தோட்டத்துப் பெற்றோர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கணினியைப் பற்றிய கூட்டம் என்றால் புதிதாக ஒன்றை வாங்கும்படி யாரேனும் தூண்டுவார்கள் என்று எண்ணி வந்தவர்கள் இங்கே இருக்கலாம். நான் எதையும் வாங்கச் சொல்ல வரவில்லை. உங்களில் பலருடைய வீடுகளில், மூத்த பிள்ளை கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகையில் தம்பி தங்கைக்கென்று விட்டுச் சென்றதாகவோ, ஈப்போவில் பழைய விலைக்கு வாங்கியதாகவோ, ஒரு மடிக்கணினி இருக்கிறது. திறந்தால் விழிப்பதற்கே ஐந்து நிமிஷம் ஆகிறது என்ற சலிப்பினால் பிள்ளைகள் அதை அலமாரியில் வைத்துவிட்டுக் கைப்பேசியிலேயே பாடம் படிக்கிறார்கள். அந்தக் கணினியை இப்போது இயக்கும் அடிப்படை மென்பொருளான விண்டோஸ் இயங்குதளத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் பக்கத்திலேயே லினக்ஸ் இயங்குதளத்தையும் நிறுவி, வேண்டியபோது வேண்டியதைத் திறந்து வேலை செய்யலாம். அதை ஏன் செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும், எந்த இடத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்னும் மூன்றே விஷயங்களை, கணினியில் முன் பரிச்சயம் இல்லாதவர்களுக்கும் விளங்கும்படி சொல்ல முயல்கிறேன்.

இதை இப்போது பேசுவதற்குக் காலத்தை ஒட்டிய காரணம் ஒன்று உண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட விண்டோஸ் 10க்கு அளித்துவந்த பொதுப் பராமரிப்பு, 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. அதற்கு அடுத்த விண்டோஸ் 11, 2021ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது என்றாலும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும், ஏறக்குறைய 2018ஆம் ஆண்டிலிருந்து வந்த செயலிகளும் உள்ள யந்திரங்களையே அது முறைப்படி ஏற்றுக்கொள்கிறது. ஆகவே திரையும் விசைப்பலகையும் செயலியும் பழுதின்றி இருக்கும் எத்தனையோ கணினிகள், உடலில் குறையில்லாமலே ஓய்வுக்கு அனுப்பப்படும் நிலைக்கு வந்துவிட்டன. பராமரிப்பு நின்ற இயங்குதளம் மறுநாளே நின்றுவிடாது. ஆனால் இனிமேல் அதில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளைப் பொதுவாக அடைப்பாரில்லாத காரணத்தால், அதைக்கொண்டு வங்கிக் கணக்கைத் திறப்பதும், மின்னஞ்சலில் வரும் கோப்புகளைத் திறப்பதும் நாளுக்கு நாள் அபாயமாகும்.

இன்னொரு காரணம் நம் அநுபவத்தில் உள்ளது. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின் காலத்தில், பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்தது. வீட்டிலோ மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி இருந்தது. அலைவரிசை எட்டாத பள்ளத்தாக்குகளில் வாழும் குடும்பங்கள் பட்ட சிரமத்தை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ஒரு கட்டுரையை முழுதாக எழுதுவதற்கும், ஓர் அட்டவணையைப் போடுவதற்கும், நிரல் எழுதிப் பழகுவதற்கும் கைப்பேசியின் சிறு திரை போதாது என்பதை அந்த நாட்கள் நமக்குத் தெளிவாகக் காட்டின. பழைய கணினி ஒன்று மீண்டும் உழைக்குமானால் அந்தக் குறையில் ஒரு பங்காவது தீரும்.

இனி லினக்ஸ் என்பது யாது என்று பார்ப்போம். 1991ஆம் ஆண்டில், பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் பயின்றுகொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் இருபத்தொரு வயது மாணவர், தவணை முறையில் வாங்கிய தம் கணினியில், பாடம் கற்பிப்பதற்கென்று உருவான மினிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் துணையோடு, தமக்கென ஓர் இயங்குதளத்தின் கருவை எழுதத் தொடங்கினார். அவ்வாண்டு ஆகஸ்ட் 25ஆம் தேதி அதைப் பிறருக்கு அறிவித்தபோது, வெறும் பொழுதுபோக்கு முயற்சி என்றே அடக்கமாகக் குறிப்பிட்டார். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1983இல், அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், யாவரும் பயன்படுத்தவும், உள்ளே திறந்து படிக்கவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமையுள்ள ஓர் இயங்குதளத்தை உருவாக்கும் குனூ திட்டத்தை அறிவித்திருந்தார். 1992இல் டோர்வால்ட்ஸின் கருவும் குனூவின் பொது உரிமத்தை ஏற்றது. இரண்டும் சேர்ந்தபோது முழுமையான இயங்குதளம் பிறந்தது. இன்று உங்கள் சட்டைப் பையிலிருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் இயங்குவது லினக்ஸ் கருவே. 2017ஆம் ஆண்டு நவம்பர் முதல் உலகின் மிக வேகமான ஐந்நூறு மகா கணினிகளின் பட்டியலில் உள்ளவை அனைத்தும் லினக்ஸிலேயே இயங்கிவருகின்றன. ஆகவே இது ஏழைகளுக்கென்று ஒதுக்கிவைத்த இரண்டாந்தரச் சரக்கு என்று யாரும் கருத வேண்டாம்.

அந்தக் குனூ உரிமத்தின் உட்பொருளை நம்மவர்கள் மற்றெவரையும்விட விரைவாக விளங்கிக்கொள்வார்கள் என்பது என் அபிப்பிராயம்; காரணம் நம் சரித்திரத்திலேயே இருக்கிறது. 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலையைக் கண்டு குறித்தார் என்றும், 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸல் என்பவர் போ என்னும் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார் என்றும் சரித்திரம் சொல்கிறது. காடழித்த சரிவுகளில் தேயிலைக் கன்றுகளை நட்டு, மழையிலும் குளிரிலும் கொழுந்தெடுத்து, இம்மலைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர்களில் தென்னாட்டிலிருந்து வந்த நம் முன்னோர் முதன்மையானவர்கள். மலாயாவின் தோட்டப்புறங்களில் பொதுவாக, வீடு என்பது வேலையோடு வந்து வேலையோடு போவதாகவே இருந்தது. மூன்று தலைமுறை குடியிருந்தவர்களும் அந்தச் சுவரில் தங்கள் விருப்பப்படி ஒரு ஜன்னல் திறக்க உரிமையில்லாமல் வாழ்ந்தார்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கும் விண்டோஸும் உங்களுக்கு விற்கப்படுவதன்று. நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பயன்படுத்தும் அனுமதியே வழங்கப்படுகிறது. அதன் ஆயுளை நிர்ணயிப்பவர் வேறொருவர் என்பதை அந்த அக்டோபர் 14ஆம் தேதி நமக்குக் காட்டியது. லினக்ஸை நிறுவியவரிடமிருந்து அதை யாரும் திரும்பப் பெற முடியாது. ஒரு குழு அதைக் கைவிட்டாலும் மற்றொரு குழு எடுத்து நடத்தலாம். மூல நிரல் பொதுவில் இருக்கிறது. சொந்தமாக ஒன்றை வைத்திருப்பதன் அருமையை வாடகை வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும், விண்டோஸை இன்றே துடைத்தெறியுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடம் குறிப்பிட்டதொரு மென்பொருளைக் கேட்கலாம். வீட்டிலுள்ள அச்சுப்பொறி லினக்ஸோடு ஒத்துப்போகாமலிருக்கலாம். அண்ணன் கணக்குப்பதிவு பழகும் மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்கலாம். பழகிய கருவியைப் பிடுங்கிக்கொண்டு பழகாத கருவியைக் கையில் கொடுத்தால், முதல் இடையூற்றிலேயே ஆரம்பக்காரர் மனந்தளர்ந்து பழையதற்கே திரும்பிவிடுவார் என்பது உலக இயல்பு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்குமானால், தெரிந்ததில் அவசர வேலையை முடித்துக்கொண்டு, தெரியாததை ஆற அமரக் கற்கலாம். குறிப்பாக விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள், இணையத்தோடு தொடர்புடைய காரியங்களையெல்லாம் லினக்ஸுக்கு மாற்றிவிட்டு, விண்டோஸைத் தவிர்க்க முடியாத மென்பொருள்களுக்கு மட்டும், இணைய இணைப்பின்றித் திறப்பது விவேகமான வழி.

இந்த ஏற்பாட்டுக்கு நம் இனத்தாரிடையே முன்னுதாரணம் உண்டு. 2011ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, அக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தையும் சேர்த்து நிறுவிக் கொடுத்தது. இந்த பாஸ் லினக்ஸ், சென்னையிலுள்ள சி-டாக் என்னும் கணினி ஆய்வு மையத்தில் டெபியன் என்னும் லினக்ஸை ஆதாரமாகக் கொண்டு உருவானது. அண்டையிலுள்ள கேரளத்திலோ அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வியே இத்தகைய கட்டற்ற மென்பொருளைக் கொண்டு நடக்கிறது. நம் மலேசிய அரசாங்கமும் 2004ஆம் ஆண்டில் பொதுத்துறைக்கென்று திறமூல மென்பொருள் பெருந்திட்டம் ஒன்றை வகுத்தது. தமிழைக் கணினியில் ஏற்றிய பணியில் இந்நாட்டுத் தமிழர் பின்தங்கியவர்கள் அல்லர். முரசு அஞ்சல் என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் இந்நாட்டவர். 2001ஆம் ஆண்டின் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. இத்தகைய பாரம்பரியம் உள்ளவர்கள் லினக்ஸைத் தொலைவில் நின்று பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

இனி, காரியத்துக்கு வருவோம். மின்விசையை அழுத்தியவுடன் கணினியின் உள்ளே நடப்பதை அறிந்துகொண்டால் பயம் பாதி விலகும். தாய்ப்பலகையில் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் ஒரு சிறு நிரல் முதலில் விழித்து, நினைவகம் இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா என்று சரிபார்க்கும்; பழைய கணினிகளில் அதற்கு பயாஸ் என்று பெயர், ஏறக்குறைய 2012ஆம் ஆண்டுக்குப் பின் வந்தவற்றில் யு.இ.எஃப்.ஐ. என்று பெயர். இயங்குதளத்தை எழுப்பும் துவக்க நிரல் எங்கே என்று அது பின்னர், கோப்புகளைச் சேமிக்கும் வட்டில் தேடும். புதிய முறையில், இதற்கென்றே வட்டில் சிறு பகுதி ஒன்று ஒதுக்கப்பட்டிருக்கும்; விண்டோஸின் துவக்க நிரலும், லினக்ஸின் கிரப் என்னும் துவக்க நிரலும் அங்கே தனித்தனிக் கோப்புறைகளில் ஒன்றையொன்று தொடாமல் இருக்க முடியும்.

தோட்டத்து லயத்தை எண்ணிப் பாருங்கள். நீண்ட ஒரே கூரை, இடையே சுவர், சுவருக்கு இப்புறம் ஒரு குடும்பம், அப்புறம் ஒரு குடும்பம், இரண்டுக்கும் தனித்தனி வாசல், தனித்தனி அடுப்பு. வட்டைப் பகுதிகளாகப் பிரிப்பது என்பது இப்படி ஒரு சுவர் எழுப்புவதே. ஏற்கெனவே முழுக் கூரையின் கீழும் விண்டோஸ் பரவிக் குடியிருக்கிறது. அது பயன்படுத்தாமல் வைத்திருக்கும் இடத்தை அதனிடமே சொல்லிச் சுருக்கிக்கொள்ளச் செய்து, காலியான பக்கத்தில் லினக்ஸைக் குடியேற்ற வேண்டும். 256 ஜிகாபைட் வட்டு விண்டோஸின் கணக்கில் 238 என்றே தெரியும். அளவிடும் முறையில் உள்ள வித்தியாசத்தால் வருவது அது, யாரும் திருடிவிட்டதாக அஞ்ச வேண்டாம். அதில் 60 ஜிகாபைட்டை ஒதுக்கினால் ஆரம்பக்காரருக்குத் தாராளம். உபுண்டு கேட்கும் குறைந்தபட்ச இடம் 25 ஜிகாபைட்.

ஆனால், சுவரெழுப்புமுன் செய்ய வேண்டிய முதற்கடமை ஒன்று இருக்கிறது. மற்றெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். கணினியிலுள்ள புகைப்படங்கள், பள்ளிக் கட்டுரைகள், சான்றிதழ்களின் நகல்கள் ஆகிய எல்லாவற்றையும் வேறொரு வட்டிலோ பென் டிரைவிலோ படியெடுத்துக்கொண்டு, எடுத்த படியை மற்றொரு கணினியில் திறந்து பார்த்து, திறக்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். லினக்ஸைத் தோற்றுவித்த டோர்வால்ட்ஸே அந்த ஆரம்ப நாட்களில், தொலைபேசி இணைப்புக்கு அனுப்ப வேண்டிய கட்டளையைத் தவறுதலாகத் தம் வட்டுக்கே அனுப்பி, மினிக்ஸ் இருந்த பகுதியை அழித்துவிட்டதாகத் தம் சுயசரிதத்தில் சொல்லியிருக்கிறார். இத்துறையின் மகா நிபுணருக்கே நேர்ந்தது நமக்கும் நேரலாம் என்று எண்ணி நடப்பதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை.

இரண்டாவது, விண்டோஸில் பிட்லாக்கர் என்னும் பூட்டு இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அண்மைக் காலக் கணினிகள் பலவற்றில், உரிமையாளர் அறியாமலே வட்டு முழுவதும் சங்கேதமாக்கப்பட்டிருக்கும். அதைத் திறப்பதற்கான 48 இலக்கச் சாவி, நீங்கள் விண்டோஸில் நுழையும் மைக்ரோசாப்ட் கணக்கில் பெரும்பாலும் சேமிக்கப்பட்டிருக்கும். அந்த எண்களை முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதிக்கொள்ளுங்கள். துவக்க முறையில் மாற்றம் கண்டால் விண்டோஸ் சந்தேகித்து அதைக் கேட்கக்கூடும், அப்போது சாவி இல்லையென்றால் உள்ளே இருப்பதை யாராலும் மீட்க முடியாது. எழுதிக்கொண்ட பின் பூட்டை நீக்கிவிட்டு மேலே செல்ல வேண்டும். மூன்றாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்னும் வசதியை நிறுத்த வேண்டும். இது இயங்கும் வரையில் விண்டோஸை மூடினாலும் அது முற்றிலும் மூடப்படுவதில்லை. பாதி உறக்கத்தில் வட்டைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அந்நிலையில் லினக்ஸ் அப்பகுதியில் எழுத முற்பட்டால் கோப்புகள் சேதமாகும் என்பதனால் லினக்ஸே அதில் எழுத மறுத்துவிடும்.

இவற்றை முடித்து, விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவியைக் கொண்டே அதன் பகுதியைச் சுருக்கி, கணினியை ஒருமுறை மறுபடி தொடங்கி, விண்டோஸ் பழையபடி நலமாக எழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பிரிக்கும் வேலையை, இடியும் மழையும் இறங்கி மின்சாரம் தடுமாறும் மாலைப் பொழுதில் செய்யாதீர்கள். காலையில், மின்கலம் நிறைந்திருக்க, மின்னிணைப்பும் மாட்டியிருக்கச் செய்யுங்கள். சுவர் பாதி எழும்பியிருக்கையில் மின்சாரம் நின்றால் இரு பக்கமும் கெடும்.

எந்த லினக்ஸைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி ஆரம்பக்காரர்களை வீணாகக் குழப்புகிறது. நூற்றுக்கணக்கான வகைகள் உண்டென்றாலும், நினைவகம் 4 ஜிகாபைட்டுக்குக் குறையாத கணினிக்கு, 2004ஆம் ஆண்டு முதல் வெளிவரும் உபுண்டுவோ அதிலிருந்து பிறந்த லினக்ஸ் மின்டோ போதும்; அதிலும் குறைந்த பழைய யந்திரத்துக்கு லுபுண்டுவைப் போன்ற இலகுவான வகை பொருந்தும். உபுண்டுவில் நீண்ட கால ஆதரவுள்ள பதிப்பு இரண்டாண்டுக்கு ஒருமுறை, இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரலில் வரும், அதற்கு ஐந்தாண்டு இலவசப் பராமரிப்பு உண்டு, அதையே எடுங்கள். கோப்பின் அளவு ஏறக்குறைய 6 ஜிகாபைட். நம் பள்ளத்தாக்கு வீடுகளில் அதை இறக்குவதற்கு ஓர் இரவு போதாமற்போகலாம். ஆனால் இங்கேதான் அந்த உரிமத்தின் மகிமை விளங்குகிறது. தானா ராத்தாவில் நல்ல இணைப்புள்ள ஓரிடத்தில் ஒருவர் ஒரே ஒரு முறை இறக்கிக்கொண்டால், அதைத் தோட்டம் முழுவதற்கும் பிரதி எடுத்துக் கொடுக்கலாம். அது களவாகாது, சட்டமே அதற்கு இடமளிக்கிறது. தமக்கு எளிதாகக் கிடைத்ததை அடுத்த வீட்டுக்கும் கொடுத்துப் பழகிய நம் மக்களுக்கு இதைவிட இசைவான ஏற்பாடு வேறென்ன இருக்கிறது?

இறக்கிய கோப்பை, 8 ஜிகாபைட்டுக்குக் குறையாத பென் டிரைவில் சாதாரணமாக நகலெடுத்துப் போட்டால் பயன் இல்லை. ரூஃபஸ் என்பதுபோன்ற சிறு கருவியைக் கொண்டு, கணினியைத் தொடங்கவல்ல வடிவில் எழுத வேண்டும். அப்போது அந்த பென் டிரைவில் முன்பிருந்தவை அனைத்தும் அழியும். அதை மாட்டி, கணினியைத் தொடங்கும் கணத்தில் எஃப் 12, எஃப் 9 போன்ற விசைகளுள் அந்தந்தத் தயாரிப்புக்கு உரியதை அழுத்தினால், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியல் தோன்றும். அதில் பென் டிரைவின் பெயர் இரண்டு முறை தென்பட்டால், உங்கள் விண்டோஸ் எந்த முறையில் நிறுவப்பட்டிருக்கிறதோ அதே முறைக்குரியதைத் தேர்ந்தெடுங்கள், விண்டோஸ் யு.இ.எஃப்.ஐ. முறையிலும் லினக்ஸ் பழைய முறையிலும் அமைந்தால் பின்னர் ஒரே பட்டியலில் இரண்டும் சேரா.

இப்போது திரையில் லினக்ஸ் எழும். எனினும் வட்டில் எதுவும் இன்னும் எழுதப்படவில்லை. பென் டிரைவையும் நினைவகத்தையும் கொண்டே அது ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தப் பரீட்சை நிலையை ஆரம்பக்காரர்கள் அவசரப்பட்டுத் தாண்டிவிடக் கூடாது. வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, தொடுபலகை நகர்கிறதா, காமிரா விழிக்கிறதா, திரையை மூடித் திறந்தால் மீண்டும் எழுகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். பழைய கணினி சிலவற்றில் வைஃபை மட்டும் பிணங்கும். முன்கூட்டியே தெரிந்தால் மாற்று வழி தேடலாம், ஒன்றும் கெட்டுப்போகவில்லை. எல்லாம் திருப்தியாயிருந்தால் மட்டுமே நிறுவத் தொடங்க வேண்டும்.

நிறுவும் நிரல் மொழியைக் கேட்கும், விசைப்பலகையைக் கேட்கும், ஊரைக் கேட்கும். இவற்றுக்கெல்லாம் நிதானமாக விடை சொல்லிக்கொண்டே போனால், வாழ்வா சாவா என்ற ஒரு திரை வரும். விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவுக என்று பொருள்படும் வரி ஒன்றும், வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவுக என்று பொருள்படும் வரி ஒன்றும் அடுத்தடுத்து இருக்கும். இரண்டுக்கும் இடையே ஒரு விரற்கடைத் தூரம். விளைவிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு, அருகிலிருப்பவரையும் அழைத்து, இருவருமாக உரக்கப் படித்துப் பார்த்த பின்பே முதலாவதைத் தேர்ந்தெடுங்கள். முதலாவது வரியே தோன்றவில்லையென்றால், பிட்லாக்கர் நீங்கவில்லை என்றோ, விண்டோஸ் சரியாக மூடப்படவில்லை என்றோ, தொடங்கிய முறை மாறிவிட்டது என்றோ பொருள். அப்போது துணிந்து மேலே செல்லாமல், பென் டிரைவைக் கழற்றிவிட்டு விண்டோஸுக்குத் திரும்பிக் காரணத்தைத் தேடுங்கள். நிறுவுமுன் எந்தெந்தப் பகுதியில் என்னென்ன மாறப்போகிறது என்று ஒரு சுருக்கத்தை அது காட்டும். நீங்கள் ஒதுக்கிய 60 ஜிகாபைட் மட்டும் அதில் இடம்பெற்றிருக்கிறதா என்று சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தால், சாதாரணக் கணினியில் அரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

மறுபடி தொடங்குகையில், கரிய திரையில் கிரப் நிரல் ஒரு சிறு பட்டியலைக் காட்டும். மேலே உபுண்டு, கீழே விண்டோஸ். அம்புக்குறி விசையால் இறங்கி எதை வேண்டுமானாலும் திறக்கலாம். பத்து விநாடிக்குள் எதையும் தொடாவிட்டால் முதலிலுள்ளதே திறக்கும். லினக்ஸ் முதலில், விண்டோஸ் பிறகு என்று திறந்து பார்த்து, இரண்டும் எழுந்தால் காரியம் சித்தியாயிற்று.

அதற்குப் பின் வரும் சில்லறை இடையூறுகளையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸைத் திறந்தால் கடிகாரம் எட்டு மணி நேரம் பின்தங்கிக் காட்டலாம். கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைப்பதும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகக் கருதுவதும், மலேசிய நேரம் பொது நேரத்துக்கு எட்டு மணி முன்னதாக இருப்பதுமே காரணம். லினக்ஸில் ஒரே ஒரு கட்டளையால் இதைச் சீர்ப்படுத்தலாம். விண்டோஸின் பெரிய புதுப்பிப்பு ஒன்று வந்த பின் கிரப் பட்டியல் தோன்றாமல் நேரே விண்டோஸ் திறக்கலாம். லினக்ஸ் அழிந்துவிட்டது என்று கலங்க வேண்டாம், யு.இ.எஃப்.ஐ. அமைப்பில் வரிசையை மாற்றி உபுண்டுவை முதலில் வைத்தால் போதும். லினக்ஸிலிருந்து விண்டோஸ் பகுதியிலுள்ள கோப்புகளைத் திறக்கலாம், எழுதலாம். விண்டோஸோ லினக்ஸின் பகுதியை இயல்பாக அறியாது. அதனால் இரண்டிலும் வேண்டிய கோப்புகளை விண்டோஸ் பக்கத்திலேயே ஒரு கோப்புறையில் வையுங்கள். அறியாத பகுதி ஒன்றைக் கண்டு, அதை ஃபார்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டால், வேண்டாம் என்றே விடை சொல்லுங்கள். சம்மதித்தால் லினக்ஸ் இருக்கும் இடம் துடைக்கப்படும்.

இவ்வளவும் செய்து கிடைக்கும் பிரயோஜனம் என்ன? கட்டுரையும் அட்டவணையும் எழுதுவதற்கு லிப்ரே ஆபீஸ், வானத்து நட்சத்திரங்களைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம், சிறு பிள்ளைகளுக்கு விளையாட்டாய்ப் பாடம் கற்பிக்கும் ஜிகாம்ப்ரிஸ், நிரல் எழுதப் பைத்தான் ஆகிய அனைத்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தமிழில் தட்டெழுதுவதற்குத் தனி மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டில் சென்னை மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைமுறையை அமைப்புகளில் சேர்த்துக்கொண்டால் போதும். திரையிலுள்ள பட்டிகளையும் பொத்தான்களையும் தமிழிலேயே காண வழியுண்டு. பல நாட்டுத் தமிழ் ஆர்வலர்கள் ஊதியம் கருதாமல் சொல் சொல்லாக மொழிபெயர்த்து வைத்த உழைப்பு அது. ஐயம் தோன்றினால் தமிழிலேயே படித்துத் தெளிவதற்கு, 2012ஆம் ஆண்டு முதல் கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுதிவரும் கணியம் மின்னிதழ் இருக்கிறது. அதன் கட்டுரைகளையும் பிரதி எடுத்து யாரும் யாருக்கும் கொடுக்கலாம்.

இவையெல்லாவற்றிலும் பெரிய லாபமாக நான் கருதுவது வேறொன்று. இரண்டு இயங்குதளங்களைத் தம் கையால் ஒரு கணினியில் அமைத்த மாணவர், வட்டு எப்படிப் பகுக்கப்படுகிறது, கோப்பு எங்கே வாழ்கிறது, யந்திரம் எந்தக் கிரமத்தில் விழிக்கிறது என்பதைப் பரீட்சைக்காக மனனம் செய்யாமல் பிரத்தியட்சமாக அறிந்தவராகிறார். ஒரே நிறுவனத்தின் ஒரே முகத்தைக் கண்டு அதுவே கணினி என்று எண்ணியிருந்தவருக்கு, அந்த முகத்துக்குப் பின்னால் இருக்கும் யந்திரம் தம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டது என்ற தெளிவு பிறக்கிறது. எஸ்.பி.எம். தேர்வு முடித்து எந்தத் துறைக்குச் சென்றாலும் இந்தத் தெளிவு உடன் வரும்.

ஆகையால் இந்தச் சபைக்கு ஒரு விண்ணப்பம் செய்துகொள்கிறேன். வருகிற பள்ளி விடுமுறையில், ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரே ஒரு பழைய கணினியைத் தேர்ந்தெடுங்கள். அதில் யாருக்கும் உயிரான கோப்பு எதுவும் இருக்க வேண்டாம். எல்லோர்க்கும் பொதுவாக ஒரு பென் டிரைவும், ஒரு குறிப்பேடும் வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தயாரிப்பு, எந்த விசை, எங்கே இடையூறு, எப்படித் தீர்ந்தது என்பதைத் தமிழில் அதில் எழுதிவாருங்கள். பத்துக் கணினிகள் முடிவதற்குள் இம்மலைக்கென்றே ஒரு கைந்நூல் உருவாகிவிடும். அதில் நிறைவு கண்ட பின்பே, பிள்ளைகள் நாள்தோறும் பயன்படுத்தும் கணினியில் கை வையுங்கள். முதற்கணினியில் நிறுவுகையில் தெரிந்தவர்கள் பின்னால் நின்று சொல்லட்டும். விசைப்பலகை மாணவர்களின் கையிலேயே இருக்கட்டும், பெண்பிள்ளைகளை முன்வரிசையில் உட்காரவையுங்கள். பெரியவர் செய்து கொடுத்த கணினி கெட்டால் மறுபடியும் பெரியவரையே தேட வேண்டியிருக்கும். தானே நிறுவிய மாணவியோ அடுத்த வீட்டுக் கணினிக்கு ஆசிரியையாகப் போவாள்.